மகாமகக் குருவும் வக்ரம்தான்

ஜாதகக் கட்டத்தில் ஒரு கிரகத்தின் பெயருக்குப் பக்கத்தில் ‘வ’ (வக்ரம், அதாவது கிரகம் பின்னோக்கி நகர்வது போலத் தெரியும் நிலை) என்று ஓர் எழுத்து இருந்தால் போதும், பொருத்தம் பார்க்க உட்கார்ந்த பெரியவர்களின் முகம் மாறிவிடும். “குரு வக்ரமாம்ல, புத்திர தோஷம் ஏதும் இருக்குமோ?” என்று ஒரு குரல் எழும். அதோடு அந்த ஜாதகம் மடித்து வைக்கப்படும்.

கும்பகோணத்துப் பக்கத்து ஆட்களே இப்படிக் கேட்பதுதான் வேடிக்கை. மகாமகம் எப்போது வருகிறது? குரு சிம்மத்தில், சூரியன் கும்பத்தில், மாசி மாதம், மக நட்சத்திரம். அதாவது சூரியனுக்கு நேர் ஏழாம் ராசியில் குரு. அந்த இடத்தில் நிற்கும் குரு வக்ரத்தில்தான் இருந்தாக வேண்டும். வானக் கணக்கில் வேறு வழியே இல்லை. 1992 பிப்ரவரி 18, 2004 மார்ச் 6, 2016 பிப்ரவரி 22 என்று கடைசி மூன்று மகாமகத்துக்கும் பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பாருங்கள். மூன்றிலும் குரு வக்ரம். வக்ர குரு கெட்டுப்போன குரு என்றால், டெல்டாவின் ஆகப் பெரிய தீர்த்தவாரியை நம் முன்னோர் அவர் கெட்டுக் கிடக்கும் மாதத்திலா வைத்திருப்பார்கள்?

வக்ரம் என்றால் கிரகம் நிஜமாகப் பின்னால் போவதில்லை என்பது எல்லாரும் சொல்வது. ஏன் அப்படித் தெரிகிறது என்று கேட்டால்தான் பதில் தடுமாறும். திருவிடைமருதூர் மாதிரி பல பிரகாரம் உள்ள பெரிய கோவிலை நினைத்துக்கொள்ளுங்கள். கருவறைதான் சூரியன். நீங்கள் உள்பிரகாரத்தில் வேகமாகச் சுற்றுகிறீர்கள், அதுதான் பூமி. வெளிப்பிரகாரத்தில் ஒரு பெரியவர் மெதுவாகச் சுற்றுகிறார், அவர் சனி. இடையில் சுவர் எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேரும் ஒரே திசையில்தான் நடக்கிறீர்கள். நீங்கள் அவரை எட்டிப் பிடித்துத் தாண்டும்போது, அவருக்குப் பின்னால் உள்ள மதிலை வைத்துப் பார்த்தால் அவர் பின்னுக்கு நகர்வது போலத் தோன்றும். நீங்கள் அடுத்த மூலை திரும்பியதும் மறுபடி முன்னே நடப்பது போலத் தெரிவார். மதில்தான் நட்சத்திர மண்டலம். இதில் கவனிக்க வேண்டியது, அந்த நேரத்தில் கருவறை உங்கள் முதுகுக்குப் பின்னால், பெரியவர் உங்கள் முகத்துக்கு நேரே. சூரியனுக்கு எதிரில் வரும்போதுதான் வெளிக்கிரகங்கள் வக்ரமாகின்றன என்பதன் பொருள் இதுதான். அப்போது அவர் உங்களுக்கு மிக அருகில் இருக்கிறார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பலன் சொல்லும்போது இது தேவைப்படும்.

புதனும் சுக்கிரனும் உங்களுக்கும் உள்ளே, கருவறையை ஒட்டிச் சுற்றுகிறவர்கள். அவர்கள் உங்களுக்கும் கருவறைக்கும் நடுவில் புகுந்து முந்தும்போது வக்ரம். ஆகவே புதன், சுக்கிர வக்ரம் எப்போதும் சூரியனுக்குப் பக்கத்திலேயே நடக்கும். சூரிய சந்திரருக்கு வக்ரம் கிடையாது. ராகு கேதுவுக்கு எப்போதும் பின்னடைதான் இயல்பு. அவற்றின் பக்கத்தில் மென்பொருள் ‘வ’ போட்டிருந்தால் அதற்காகத் தனிப் பலன் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

நாள் கணக்குக்கு வருவோம். சனி ஆண்டுக்கு ஒரு முறை 138 நாள் வாக்கில், 7 பாகை பின்வாங்குவார். குரு 120 நாள், 10 பாகை. செவ்வாய் ஏறத்தாழ 26 மாதத்துக்கு ஒரு முறை 60 முதல் 80 நாள். சுக்கிரன் 19 மாதத்துக்கு ஒரு முறை 40 நாள் சொச்சம், 16 பாகை. புதன் ஆண்டுக்கு மூன்று முறை, ஒவ்வொன்றும் மூன்று வாரம். இதை அப்படியே பிறப்புக்கு மாற்றினால் பத்துப் பேரில் மூன்று நான்கு பேருக்கு சனி வக்ரம், மூன்று பேருக்கு குரு வக்ரம், இரண்டு பேருக்கு புதன் வக்ரம் இருக்கும். செவ்வாயும் சுக்கிரனும்தான் அபூர்வம், நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு. பத்தில் நான்கு பேருக்கு உள்ள ஒரு நிலையைத் தோஷம் என்று சொல்லிப் பயமுறுத்துவதில் நியாயம் இல்லை. அபூர்வமானதைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும், ஆனால் நடப்பில் சனி வக்ரத்துக்குத்தான் சத்தம் அதிகம்.

கையில் உள்ள ஜாதகம் சரியா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. நம் பக்கம் வாய்ப்பாடாகச் சொல்வது, சூரியன் ஒரு கிரகத்துக்கு ஐந்தாம் ராசிக்கு வந்தால் வக்ரம் தொடங்கும், ஒன்பதாம் ராசியில் நிவர்த்தி, அதாவது வக்ரம் முடியும் என்று. சனி, குரு, செவ்வாய்க்கு மட்டும் இது பொருந்தும். ராசியை மட்டும் எண்ணினால் ஓரங்களில் தப்பு வரும். பாகையாகப் பார்த்தால் சனிக்கு சுமார் 110 பாகை, குருவுக்கு 115, செவ்வாய்க்கு 130 அல்லது அதற்கும் மேல் சூரியன் விலகியதும் வக்ரம் தொடங்குகிறது. 2025 ஜூலை 13-ஆம் தேதி திருக்கணிதப்படி (வானத்தில் கிரகம் நிற்கும் இடத்தை ஒட்டிய பஞ்சாங்கக் கணக்கு) சனி மீனத்தில் 8 பாகைக்குச் சற்று முன்னால் வக்ரமானார். அன்று சூரியன் மிதுனத்தின் கடைசியில். ராசியை எண்ணினால் நாலாமிடம்தான், ஆனால் பாகைக் கணக்கில் 109 பாகை தாண்டிவிட்டது. வாய்ப்பாட்டை மட்டும் நம்பினால் அந்த வார ஜாதகத்தில் ‘வ’ விட்டுப்போகும். சூரிய சித்தாந்தமும் இதற்குப் பாகையைத்தான் தருகிறது. சீக்கிர கேந்திரக் கணக்கில் செவ்வாய்க்கு 164, புதனுக்கு 144, குருவுக்கு 130, சுக்கிரனுக்கு 163, சனிக்கு 115. இந்தக் கேந்திரம் வானில் நாம் நேராக அளக்கும் இடைவெளி அல்ல, அதனால்தான் எண்கள் மேலே சொன்னதோடு ஒட்டாமல் நிற்கின்றன.

வக்ரம் தொடங்கும் நாளும் முடியும் நாளும் கிரகம் கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும். சனி சராசரியாக நாளுக்கு 2 கலை (60 கலை ஒரு பாகை) நகர்கிறவர், அந்த நாட்களில் ஒரு கலைகூட நகரமாட்டார். அந்தச் சமயத்தில் பிறந்தவர்களுக்கு ஒரு மென்பொருள் ‘வ’ போடும், இன்னொன்று போடாது. அப்படி முரண்பட்டால், பிறந்த நாளுக்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் கிரக ஸ்புடத்தை (அது நிற்கும் பாகை, கலையை) எழுதிப் பாருங்கள். எண் இறங்கிக்கொண்டே வந்தால் வக்ரம். நின்றுகொண்டிருந்தால் அதை ஸ்தம்பனம் என்று தனியே குறித்துக்கொள்ளுங்கள். நிற்கிற கிரகம் தான் நிற்கும் பாவத்தை (வீட்டை) ஆணியடித்தது போலப் பிடித்துக்கொள்ளும் என்பது அனுபவஸ்தர்கள் வாக்கு. வக்ரத்தைவிட அதற்குத்தான் அதிக கவனம் வேண்டும்.

பலத்தைப் பற்றிச் சாஸ்திரம் பேசுவது தெளிவானது. கிரகங்களின் ஆறு வகை பலத்தை அளக்கும் ஷட்பலத்தில், நடையால் வரும் சேஷ்டா பலம் என்று ஒன்று உண்டு. கிரகங்களின் எட்டு வகை நடைக்கு மதிப்பெண் போட்டதில் வக்ரத்துக்குத்தான் முழு 60. வேகமாக ஓடும் அதிசாரத்துக்குக்கூட அதில் பாதிதான். காரணம் கண்ணாலேயே தெரியும். வக்ர காலத்தின் நடுவில் சனியும் குருவும் செவ்வாயும் பூமிக்கு மிக அருகில் வந்து, சூரியன் சாய்ந்ததும் கிழக்கே உதித்து, விடியும்வரை வானத்தில் நிற்கும். 2026 ஜனவரியில் பொங்கலை ஒட்டிய நாட்களில் சம்பா வயல் வரப்பில் நின்று கிழக்கே பார்த்தவர்கள் குருவின் பிரகாசத்தைக் கண்டிருப்பார்கள். அது வக்ர குருதான். பழைய ஜோதிட நூலான பலதீபிகையும் ஒளிமிக்க கதிர்களோடு கூடிய வக்ர கிரகம் நீச ராசியில் (பலம் இழக்கும் ராசியில்) இருந்தாலும் பலமுள்ளது என்கிறது.

சிக்கல் ‘பலம்’ என்பதை ‘நன்மை’ என்று படிப்பதில் இருக்கிறது. சாராவளி இதைப் பிரித்துச் சொல்கிறது. சுபர் வக்ரமானால் பெரும் பலத்தோடு ராஜ்யம் தருவார்கள். பாபர் வக்ரமானால் துன்பமும் வீண் அலைச்சலும் தருவார்கள். பலம் கூடுவது இரண்டு பேருக்கும் பொது. எதைச் செய்யப் பலம் என்பது அவரவர் ஆதிபத்தியத்தை, அதாவது எந்த வீட்டுக்கு அதிபதி என்பதைப் பொறுத்தது. ஆறாம் அதிபதி வக்ரத்தில் பலத்தோடு நின்றால் கடனுக்கும் வழக்குக்கும்தானே பலம்?

உத்தரகாலாமிர்தம் இன்னொரு படி போய், உச்சத்தில் வக்ரமானால் நீச பலன், நீசத்தில் வக்ரமானால் உச்ச பலன் என்கிறது. டெல்டாவில் ஜாதகம் பார்ப்பவர்கள் வாயில் அதிகம் அடிபடும் விதி இது. நூலில் இருக்கிறது என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் அதை மொட்டையாக எடுத்துப் போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு நாளை எடுத்துப் பார்ப்போம்.

2025 மார்ச் 20, தஞ்சாவூர், விளக்கு வைக்கும் நேரம். கன்னி லக்னம். ஏழாமிடமான மீனத்தில் சூரியன் 5 பாகையில், ராகு, உச்ச சுக்கிரன், நீச புதன். சுக்கிரன் மார்ச் 2 முதல் வக்ரம், புதன் மார்ச் 15 முதல் வக்ரம். ஒரே ராசியில் ஓர் உச்ச வக்ரம், ஒரு நீச வக்ரம். விதியை அப்படியே போட்டால் சுக்கிரன் நீசம், புதன் உச்சம் என்று எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் இன்னும் ஒன்று பாக்கி, அஸ்தங்கம்: கிரகம் சூரியனை மிக நெருங்கி அதன் ஒளியில் மறைவது. வக்ர புதனுக்கு 12 பாகையும் வக்ர சுக்கிரனுக்கு 8 பாகையும் எல்லை (நேர்கதியில் 14, 10, வக்ரத்தில் இவை பூமிக்கு நெருங்கிப் பெரிதாகத் தெரிவதால் எல்லை சுருங்குகிறது). அன்று இரண்டும் எல்லைக்குள்தான், இரண்டும் அஸ்தங்கம். மகாமகக் குருவுக்கு நேர் எதிர் நிலை இது: வக்ரமும் உண்டு, கதிரே இல்லை.

இதை எப்படிப் படிப்பது? சுக்கிரன் இந்த லக்னத்துக்கு 2, 9-ஆம் அதிபதி. புதன் லக்னத்துக்கும் பத்துக்கும் அதிபதி. குடும்பம், பாக்கியம், தொழில் எல்லாம் ஏழாமிடத்தில் சூரிய வெளிச்சத்தில் கூடி நிற்கின்றன. ராசி பலத்தை நான் மாற்ற மாட்டேன்: சுக்கிரன் உச்சம் உச்சம்தான், அதே ராசியில் உச்ச கிரகம் கூட நிற்பதால் புதனுக்கு நீசபங்கமும் (நீசக் குறை நீங்குவதும்) உண்டு. வக்ரம் மாற்றுவது கிடைக்கும் விதத்தை. முதல் சுற்றில் கைக்கு வந்தது நழுவும், அதே இடத்துக்குத் திரும்பிப் போய் வாங்க வேண்டிவரும். ஏற்பாடான சம்பந்தம் நின்று, ஓராண்டு கழித்து அதே வீட்டிலிருந்து ஆள் வருவது. ஒரு வேலையை விட்டுவிட்டு, வேறெங்கோ சுற்றி அதே தொழிலுக்கு வந்து சேர்வது. அஸ்தங்கம் சேர்ந்ததால் பெயர் இவருக்குக் கிடைக்காமல் கூட இருக்கும் பெரியவருக்கோ துணைக்கோ போய்ச்சேரும். இதெல்லாம் சுக்கிர, புத தசா புத்திகளில்தான் வெளிப்படும். தசை வராத கிரகத்துக்கு வக்ரப் பலனை நீட்டி முழக்குவதில் பிரயோசனம் இல்லை.

நீச வக்ரத்துக்குச் செவ்வாய் நல்ல உதாரணம். 2024 டிசம்பர் 7-இல் கடகத்தில் 12 பாகையில் வக்ரமாகி, 2025 ஜனவரி 21-இல் மிதுனத்துக்குத் திரும்பி, பிப்ரவரி 24-இல் 23 பாகையில் நிவர்த்தி. ஜனவரி 20 வரை பிறந்தவர்களுக்கு நீச வக்ரம். 21-க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு வக்ரம் உண்டு, நீசம் இல்லை. இந்தப் பிரிவைக் கவனிக்காமல் அந்தப் பருவத்துக் குழந்தைகள் அத்தனை பேருக்கும் ‘உச்ச பலன்’ எழுதிக் கொடுப்பது தப்பு. செவ்வாய் தோஷத்தை வக்ரம் நீக்காது, இரட்டிப்பாக்கவும் செய்யாது. அது பாவக் கணக்கு. வக்ர செவ்வாய்க்காரர் கோபத்தைக் காட்டாமல் உள்ளே வைத்து, ஆறு மாதம் கழித்து வரப்புத் தகராறில் எடுப்பார் என்பது மட்டும் அடிக்கடி ஒத்துவரும்.

சனி வக்ரத்தில் முதலில் பார்க்க வேண்டியது, அவர் இந்த ஜாதகத்தில் முக்கியமானவரா என்பது. லக்னாதிபதியாகவோ பத்தாம் அதிபதியாகவோ இருந்தால், அல்லது சந்திரனோடு நின்றால் மட்டும் பேசுங்கள். இல்லையென்றால் அந்த ஆண்டு சனி வக்ரமாக இருந்த நாலரை மாதத்தில் பிறந்த எல்லாருக்கும் உள்ள சங்கதி அது. முக்கியமானவராக இருந்தால் முந்தின தலைமுறை முடிக்காமல் விட்டது இவர் தலையில் விழும்: பாகம் பிரிக்காத நிலம், தாத்தா பெயரிலேயே கிடக்கும் பட்டா, அப்பா வாங்கிய கூட்டுறவுக் கடன். உழைப்பு வீணாகாது, ஆனால் ஒரே வேலையை இரண்டு தடவை செய்ய வைப்பார்.

குருவுக்கு வருவோம். ‘வக்ர குரு, புத்திர தோஷம்’ என்பதற்கு வக்ரம் மட்டும் ஆதாரமாகாது. ஐந்தாம் பாவம், ஐந்தாம் அதிபதி, சப்தாம்சம் (பிள்ளைப்பேறு பார்க்கும் தனிக் கட்டம்) மூன்றும் கெட்டிருந்தால்தான் அந்தப் பேச்சே எடுக்க வேண்டும். வக்ர குருவின் நிஜமான குணம், சொல்லிக் கொடுத்ததை அப்படியே ஏற்காமை. பாட்டு வகுப்பிலும் பாடசாலையிலும் கேள்வி கேட்டுப் பெயர் கெடுத்துக்கொள்ளும் பிள்ளைகள் இவர்கள். ஒரு குருவை விட்டு இன்னொருவரிடம் போய், பிறகு முதல்வர் சொன்னதுதான் சரி என்று திரும்புவார்கள்.

புதன் வக்ரத்தைப் பற்றி இப்போது கைப்பேசியில் வரும் பயமுறுத்தலைக் கண்டுகொள்ள வேண்டாம். ஆண்டில் இரண்டு மாதத்துக்கு மேல் பத்திரம் எழுதாதே, வண்டி வாங்காதே என்றால் பிழைப்பு நடக்குமா? நம் முகூர்த்த முறையில் திதி, நட்சத்திரம், லக்ன சுத்தி, குரு சுக்கிர மூடம் (அவை அஸ்தங்கமாகும் காலம்) ஆகியவைதான் முன்னால் நிற்பவை. பத்திரத்தில் சர்வே எண்ணை இரண்டு முறை சரிபார்ப்பது எந்த நாளிலும் செய்ய வேண்டியது.

கோசாரத்தில்தான், அதாவது கிரகங்களின் நடப்பு நகர்வில்தான், வக்ரம் கண்ணுக்குத் தெரியும்படி வேலை செய்கிறது. குரு 2025 அக்டோபர் 18-இல் அதிசாரமாகக் கடகத்துக்குப் போனார். நவம்பர் 11-இல் அங்கே ஒரு பாகைகூட முடிக்காமல் வக்ரம். டிசம்பர் 5-இல் மறுபடி மிதுனம். 2026 மார்ச் 11-இல் மிதுனம் 21 பாகையில் நிவர்த்தி, ஜூன் 2-இல் மீண்டும் கடகம். ஆக மிதுனம் 21 முதல் கடகம் முதல் பாகை வரையுள்ள பகுதியை அவர் மூன்று முறை கடக்கிறார். உங்கள் லக்னப் புள்ளியோ சந்திரனோ ஏழாம் அதிபதியோ இந்தப் பத்துப் பாகைக்குள் இருந்தால் மூன்று தேதியையும் குறித்து வையுங்கள். முதல் தடவை பேச்சு எழும், வக்ரத்தில் தடைபடும் அல்லது நிபந்தனை மாறும், மூன்றாவது தடவை முடியும். இந்தப் பகுதியில் எதுவும் இல்லாதவருக்கு அந்த வக்ரம் பெரிதாக எதுவும் செய்யாது. ராசிபலன் புத்தகத்தில் 12 ராசிக்கும் வக்ரப் பலன் எழுதுவதில் விட்டுப்போவது இந்தப் பாகைக் கணக்குதான்.

கடைசியாக, டெல்டாவில் தீராத வழக்கு: வாக்கியமா (பழைய வாய்ப்பாட்டுப் பஞ்சாங்கம்), திருக்கணிதமா? திருக்கணிதப்படி சனி 2022 ஏப்ரல் 29-இல் கும்பம் போய், வக்ரத்தில் ஜூலை 12-இல் மகரம் திரும்பி, 2023 ஜனவரி 17-இல் மறுபடி கும்பம் வந்தார். திருநள்ளாற்றில் வாக்கியப்படி கும்பப் பெயர்ச்சி நடந்தது 2023 டிசம்பர் 20. 2025 மார்ச் 29-இல் திருக்கணித சனி மீனத்துக்கு மாறியபோதும் திருநள்ளாற்றில் பெயர்ச்சி விழா இல்லை. கோவில் வழக்கத்தில் கை வைக்க வேண்டியதில்லை; எள் விளக்கு வைக்கவும் நளன் தீர்த்தத்தில் முங்கவும் கோவில் சொல்லும் நாளே நாள். ஆனால் பிறந்த ஜாதகத்தில் வக்ரமா இல்லையா என்பது வானத்தில் கிரகம் நின்ற இடத்தைப் பொறுத்தது, அதற்குத் திருக்கணிதம்தான் சரி. ராசிக் கட்டத்தை வாக்கியத்தில் எடுத்து, ‘வ’ குறியை மட்டும் மென்பொருளிலிருந்து ஒட்டவைத்த ஜாதகங்கள் இப்போது நிறையச் சுற்றுகின்றன. அப்படி ஒன்று கைக்கு வந்தால் பலன் பார்க்க உட்காராதீர்கள். பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் வாங்கி, முதலிலிருந்து கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.